ஜெராக்ஸ் கடையில் ஒரு த்ரில்லர்: ஏழு வாரம், இன்னும் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை

ஏழு வாரம் ஆகிவிட்டது, கேமராவை இன்னும் உருப்படியாக ஆன் செய்யவில்லை. ஆனாலும் இதுவரை நடந்ததை இப்போதே எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. படம் முடிந்த பிறகு எழுதினால் எல்லாமே முதலிலேயே யோசித்துச் செய்த மாதிரி எழுதிவிடுவேன், அது பொய்.

நாங்கள் ஐந்து பேர், பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு. கடைசி செமஸ்டருக்கு ஒரு குறும்படம் கொடுக்க வேண்டும், 12 நிமிடத்துக்குள். மார்க் மட்டும் போதும் என்றால் முதியோர் இல்லம், குடியின் கொடுமை என்று எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எங்களுக்குத்தான் த்ரில்லர் ஆசை.

முதலில் எழுதிய கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மழை இரவு, பாழடைந்த பங்களா, சைக்கோ கொலைகாரன், சிகரெட் பிடிக்கும் இன்ஸ்பெக்டர். எழுதும்போது பயங்கரமாக இருந்தது. அப்புறம் கையில் இருப்பதைக் கணக்குப் பார்த்தோம்: ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், கடன் வாங்கிய இரண்டு சின்ன எல்இடி விளக்கு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ந்த 9,500 ரூபாய். மழைக்குத் தண்ணீர் லாரி சொல்வதா, போலீஸ் உடுப்பு வாடகைக்கு எடுப்பதா என்று பேசிக்கொண்டிருந்தபோதே சாப்பாட்டுக்குப் பணம் வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பங்களா அன்றைக்கே இடிந்து விழுந்தது.

புதுக் கதை ஒரு ஜெராக்ஸ் கடை வரிசையில் கிடைத்தது. ரெக்கார்டு நோட்டைக் காப்பி எடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் காப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஒரிஜினல் மெஷின் கண்ணாடி மேலேயே கிடந்தது. எல்லாருக்கும் நடப்பதுதான். கடை அக்கா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க பட்டா!" என்று கத்தினார். பார்க்காமல் எப்படித் தெரியும், பார்க்கத்தானே வேண்டும். ஊரில் இருக்கிறவர்களின் பத்திரம், மார்க் ஷீட், மருந்துச் சீட்டு எல்லாம் அந்த அக்கா கண்ணில் பட்டுத்தான் போகிறது. அப்படி வருகிற ஒரு தாளில் அவரைப் பற்றியே ஏதாவது இருந்தால்?

கதை இவ்வளவுதான். செல்வி மாலையில் கடையில் தனியாக இருக்கிறாள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் 20 தாள் கொடுத்து இரண்டு காப்பி கேட்கிறார். பதின்மூன்றாவது தாளில் அந்தக் கடையிலிருந்து அவள் வீட்டுக்குப் போகும் வழி கையால் வரைந்து கிடக்கிறது, அவள் கடை பூட்டும் நேரத்தோடு. அவர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு கடை, மூன்று நடிகர்கள் (மூன்றாவது ஆள் டீ கொண்டுவரும் பையன்). ரத்தம் கிடையாது, கத்தி கிடையாது.

முதல் வடிவத்தில் அந்தத் தாளைக் கடைசி நிமிடம் வரை ரசிகருக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தோம், ட்விஸ்ட் வேண்டுமே. எங்கள் சார்தான் த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த பேட்டியிலிருந்து அந்த வெடிகுண்டு உதாரணத்தைச் சொன்னார். இரண்டு பேர் மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் ரசிகருக்கு 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது ரசிகருக்கு முன்பே தெரிந்து, பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் 15 நிமிடப் பதைப்பு. கேள்விப்பட்ட விஷயம்தான், ஆனால் நம் கதைக்கு வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. எதிர் டீக்கடையில் நின்று அந்த ஐம்பது வயதுக்காரர் அந்தத் தாளை நிதானமாகக் கட்டுக்கு நடுவில் செருகுவதை இப்போது முதல் நிமிடத்திலேயே காட்டிவிடுகிறோம். ட்விஸ்ட் போய்விட்டது. என் பங்குக்கு நான் இரண்டு நாள் சண்டை போட்டேன், தோற்றேன், தோற்றது நல்லதுதான்.

நேரக் கணக்கில் ஒரு அடி வாங்கினோம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று எல்லாரும் சொல்வதை நம்பி 11 பக்கம் எழுதினோம். அந்தக் கணக்கு குறிப்பிட்ட எழுத்து அளவில், விளிம்பு விட்டு டைப் அடித்த ஆங்கில ஸ்கிரிப்டுக்கு. நாங்கள் லாங் சைஸ் நோட்டில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தோம். ஸ்டாப்வாட்ச் வைத்து வாசித்துப் பார்த்தால் 19 நிமிடம். அதிலும் "செல்வி தாளைப் பார்க்கிறாள்" என்பது ஒரே வரி, திரையில் அதற்கு அரை நிமிடம் வேண்டும்.

கடை தேடியது மூன்றாவது வாரம். கொக்கிரகுளம் பக்கம் ஒரு கடை, பத்தடிக்கு எட்டடி, சுவரில் 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. கடைக்கார அண்ணாச்சி வாடகையே கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கடை லீவு. "போலீஸ் கேஸ் எதும் வராதுல்லா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை, கடையில் கிடக்கும் வாடிக்கையாளர் தாள் எதுவும் கேமராவில் விழக்கூடாது. நியாயம்தான். யாருடைய ஆதார் நகலோ படத்தில் ஓடினால் அதுவே தனி த்ரில்லர். அதனால் 20 தாளையும் நாங்களே தயார் செய்தோம், பழைய அசைன்மென்ட்தான் பெரும்பாலும். அந்த வரைபடத்தை மட்டும் ஒன்பது தடவை வரைந்தோம். என்ன வரைந்தாலும் ஜாமெட்ரி பாக்ஸ் வாடை அடித்தது. கடைசியில் டீக்கடை மாஸ்டரிடம் பேனாவைக் கொடுத்து "இங்கேருந்து எங்க காலேஜுக்கு வழி வரைங்க" என்றோம், இருபது நொடியில் போட்டுக் கொடுத்தார். கோயிலுக்கு ஒரு முக்கோணம், டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்துத்தான் செல்வியின் வீட்டு வழியை வரைந்திருக்கிறோம்.

இனி நடிகர்கள். இந்தக் கதையே இங்கேதான் மாறியது.

வாட்ஸாப் குரூப்களில் போட்டோம், 31 பேர் வந்தார்கள். 27 பேர் பையன்கள், அதில் பாதிக்கு மேல் "வில்லன் ரோல் இருக்கா ப்ரோ" என்றே ஆரம்பித்தார்கள். செல்விக்கு நான்கு பேர். முதல் நாள் வசனம் கொடுத்துப் பேசச் சொன்னோம், எல்லாரும் கத்தினார்கள். தப்பு எங்களுடையது. வசனத்தைக் கொடுத்தால் வசனத்தைத்தான் நடிப்பார்கள்.

அடுத்த நாள் முறையை மாற்றினோம். வசனம் இல்லை. 20 தாளைக் கொடுத்து எண்ணச் சொன்னோம். பதின்மூன்றாவது தாளில் அவரவர் முழுப்பெயரும் அவர்கள் தெருப் பெயரும் எழுதி வைத்திருந்தோம், அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. (முடிந்ததும் காரணத்தைச் சொல்லி, அந்தத் தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். ஒரு பெண்ணுக்கு நிஜமாகவே கோபம் வந்தது, மன்னிப்புக் கேட்டோம். இனி ஒரு தடவை இதைச் செய்ய மாட்டேன், முதலிலேயே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.) ஒருவர் வாயைப் பொத்தினார், ஒருவர் உடனே எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மூன்றாவதாக வந்த பெண் பன்னிரண்டு வரை எண்ணினாள், நின்றாள், முகத்தில் ஒன்றுமே இல்லை, அப்புறம் கட்டைத் தட்டி நேராக்கி மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள், இந்தத் தடவை ரொம்ப மெதுவாக. கேமரா பார்க்கும் நண்பன் என் காலை மிதித்தான். செல்வி கிடைத்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். கதையை முழுசாகக் கேட்டார், நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், "எல்லாம் சரி, பிள்ளைய எத்தன மணிக்கு விடுவிய?" என்றார். இரவுக் காட்சி அதோடு முடிந்தது. காலை 6 முதல் மாலை 6 வரைதான் ஷூட்டிங், அம்மாவும் கூடவே இருப்பார். ஷட்டரைப் பாதி இறக்கி, வெளியே கறுப்புத் துணி கட்டி, உள்ளே டியூப்லைட் போட்டால் பகலே இரவாகிவிடும் என்பதை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டோம்.

வில்லனுக்குத் தாடி வைத்த சீனியர் ஒருவர் ஏறக்குறைய முடிவாகியிருந்தார். பார்வை, குரல் எல்லாம் பிரமாதம். ஆனால் அவர் கடைக்குள் நுழைந்ததுமே எந்தப் பெண்ணும் மெஷினை அணைத்துவிட்டுப் போய்விடுவாள். ரசிகருக்குத் தெரிந்த ஒன்று செல்விக்குத் தெரியக்கூடாது என்றால் அந்த ஆளைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றக்கூடாது. அப்போதுதான் எங்கள் தெருவில் இருக்கும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாமா ஞாபகம் வந்தார். வயது 54, நரைத்த தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா, யாரைப் பார்த்தாலும் "சாப்டாச்சா?"

அவர் முதலில் மறுத்தார். "பொம்பளப் பிள்ளைய மிரட்டுற மாதிரி நடிச்சா நாளைக்கு எவன் பாலிசி எடுப்பான்?" மிரட்டவே வேண்டாம் மாமா, நீங்கள் நீங்களாகவே இருங்கள் என்றோம். சரி என்று ஸ்கிரிப்டை வாங்கி வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நான் எதுக்குத் தம்பி அந்தப் பேப்பர அவகிட்டயே குடுக்கேன்?"

ஐந்து பேருக்கும் பதில் தெரியவில்லை. ஆறு வாரமாக அந்தக் கதையோடு இருக்கிறோம், ஒருத்தனும் இதைக் கேட்கவில்லை. கடத்துகிறவன் வரைபடத்தைப் பையில் வைத்துக்கொள்வானா, ஜெராக்ஸ் எடுப்பானா? சும்மா ஒரு இதுக்காக என்று நான் இழுத்தேன். அவரே யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் பாலிசி பேசப் போற வீட்ல, பிள்ளைய எந்த ஸ்கூல்ல படிக்குன்னு அவங்க சொல்லதுக்கு முன்னாலயே நான் சொல்லிருவேன். நம்மளப் பத்தி இவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கேன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு வரும் பாத்துக்கிடுங்க. அப்புறம் பேச்ச எடுத்துக்கிட்டுப் போறது லேசு. இவனும் அதத்தான் செய்யுதான்னு வச்சுக்கிடுவமா?"

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் இதை வெகு சாதாரணமாக, டீ ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அன்று இரவே கடைசி நான்கு பக்கத்தைக் கிழித்தோம். முன்பு முடிவில் துரத்தல், ஓட்டம் எல்லாம் இருந்தது. இப்போது அவர் காப்பியை வாங்கிக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். அந்த வரைபடத்தின் ஒரிஜினலை மட்டும் மெஷின் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போகிறார். அவருடைய வசனமும் 14-லிருந்து 5 ஆனது. பாதிக் காரணம் கலை, மீதி அவருக்கு மனப்பாடம் வரவில்லை. எந்த வரியைக் கொடுத்தாலும் கடைசியில் "பாத்துக்கிடுங்க" ஒட்டிக்கொள்கிறது. இரண்டு ரிகர்சல் வரை திருத்தினோம், மூன்றாவதில் விட்டுவிட்டோம். "பிள்ளைக்கு வீடு பக்கந்தானா, இருட்டிட்டு பாத்துக்கிடுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது செல்வியாக நடிப்பவளுக்கு நிஜமாகவே எண்ணிக்கை தப்பியது.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாக. கடையில் முதல் டெஸ்ட் நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தோம், டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். கேமராவை 50 ஹெர்ட்ஸ் ஊர்களுக்கான PAL வீடியோ முறைக்கு மாற்றி நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி வைத்ததும் சரியாகிவிட்டது. ஆசையாக வைத்திருந்த 50 எம்எம் லென்ஸ் எங்கள் கேமராவின் சின்ன சென்சாரில் 80 எம்எம் மாதிரி, இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது, எட்டடிக் கடையில் ஆள் மூக்கு மட்டும்தான் விழுகிறது, அது தாளின் க்ளோசப்புக்கு மட்டும். கேமராவில் வெளி மைக் செருக இடமே கிடையாது, அதனால் சட்டை மைக்கைப் போனில் போட்டு, ஷாட் தொடக்கத்தில் கை தட்டி, அந்தச் சத்தத்தை அடையாளமாக வைத்து எடிட்டிங்கில் படத்தோடு சேர்க்கப் போகிறோம். வசனம் பேசும்போது மெஷின் ஓடாது. அந்தச் சத்தத்தைத் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்துவிட்டோம். ஹெட்போனில் கேட்டால் அந்த மெஷின் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது, பின்னணி இசையே வேண்டாமோ என்று ஒரு பேச்சு ஓடுகிறது.

இப்போது கடைசிச் சிக்கல். நேற்று உடை பார்க்க மாமாவை வரச் சொன்னோம். வந்தார். தலை கருகருவென்று இருந்தது. அக்கா மகள் கல்யாணமாம், டை அடித்துவிட்டார். ஷூட்டிங்குக்கு ஒன்பது நாள். "ஒரு மாசத்துல போயிரும் தம்பி, வெசனப்படாதிய" என்று எங்களுக்கே ஆறுதல் வேறு. பவுடர் போட்டுப் பார்த்தோம், பள்ளிக்கூட நாடகத்துத் தாத்தா மாதிரி ஆகிவிட்டார். கேமராக்காரன்தான் லைட்டைப் போட்டு அவர் முகத்தை நெருக்கத்தில் காட்டினான். இடது காதோரம் டை கொஞ்சம் தோலில் இறங்கிக் கறையாக நிற்கிறது. நரைத்த தலையோடு இருந்தபோது அவர் யாருடைய மாமாவோ. இப்போது, எங்கேயோ போவதற்காகத் தயாராகி வந்த ஆள்.

அந்தக் கறையை மட்டும் கழுவிவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறோம். கல்யாண வீட்டில் அத்தை விடுவாரா என்பது தெரியவில்லை.