அடிப்பலகையில் கிடந்த உண்ணி
இன்று காலை தெகிவளை வீட்டுப் பின்வளவில் தேனீப் பெட்டியைத் துப்புரவாக்கும்போது, அடிப்பலகையில் தேனீயில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி ஒன்று செத்துக் கிடந்தது. செம்பழுப்பு நிறம், அகலம் 1.5 மில்லிமீற்றர் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், அதன் கால்களில் ஒன்றைக் காணவில்லை. எங்கள் தேனீக்கள்தான் கடித்திருக்க வேண்டும். எவ்வளவு சந்தோசம்! உண்ணிக்கு நான் மருந்தே வைப்பதில்லை.

நம் ஆசியத் தேனீ இந்த உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. அதன் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களின் அறைகளில்தான் பெருகும். ஐரோப்பியத் தேனீயில் வேலைக்காரப் புழுக்களையும் விடாது.

கனடாவில் ஐரோப்பியத் தேனீ வளர்க்கும் மச்சானுக்கும் மருந்தைக் கைவிட ஆசை. சரி மச்சான், ஆனால் ஒரேயடியாக விடாதே. மாதமொருமுறை 300 தேனீயில் ஐசிங் சீனி தூவிக் குலுக்கி, விழும் உண்ணியை எண்ணு. உண்ணியைத் தாங்கி நிற்கும் கூட்டத்திலிருந்து புது ராணித் தேனீக்களை வளர்த்தெடு. நலிந்த கூட்டத்தைச் சாகவிட எனக்கு மனமில்லை, அதன் உண்ணி பக்கத்துப் பெட்டிக்கும் போகும்.