இருபதாம் எண் வண்டி

மார்ச் 3, 2010, புதன்

இந்த வருஷ ஃபார்முலா ஒன் கார் ரேஸில் ஓடப்போகிற டீம்களின் பட்டியல் வந்துவிட்டது. யூஎஸ் எஃப்1 டீம் இல்லை. காம்போஸ் என்ற பெயரும் இல்லை, அந்த இடத்தில் ஹிஸ்பானியா ரேசிங். ஒரு டிரைவர் புரூனோ சென்னா. இன்னொருவர் யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 4, வியாழன்

கருண் சந்தோக்தான்!

ஸ்பெயினில் முர்சியாவில் வண்டியைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். கறுத்த சாம்பல் நிறம், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு. விளம்பரம் ஒட்ட வேண்டிய இடமெல்லாம் மொட்டையாக இருக்கிறது. அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது, ஆனால் இன்றைக்கு அதை நினைக்கப் போவதில்லை. நரேன் கார்த்திகேயனுக்கு அப்புறம் ஃபார்முலா ஒன்னில் இரண்டாவது இந்தியர். இரண்டு பேருமே தமிழ்நாடு. நரேனின் கோயம்புத்தூர் 2005லேயே போய்விட்டது. கருணின் சென்னைக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கருணின் தாத்தா மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ரேஸ் நடந்த சோழவரம் ரன்வேயில் இருந்து வருகிற குடும்பம்.

அம்மாவிடம் சொன்னேன். "சம்பளம் ஒழுங்கா குடுப்பாங்களா?" என்றாள்.

மார்ச் 7, ஞாயிறு

தூக்கம் இல்லை. மாவுக்கட்டுப் போட்ட கால் ஒரு காரணம். வண்டி இன்னொரு காரணம்.

அந்த வண்டி இதுவரை ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பிப்ரவரி முழுக்க வாலன்சியா, ஹெரெஸ், பார்சிலோனா என்று மற்ற டீம்கள் ஓட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, இவர்களுக்கு வண்டி வாங்கக் காசு இல்லை. கட்டியது இத்தாலிக்காரன் டல்லாரா. கட்டிய பில்லுக்கே தகராறு. கடைசி நேரத்தில் கரபான்டே என்கிற முதலாளி வந்து எடுத்துக்கொண்டார், காலின் கோலஸை மேனேஜராகப் போட்டார். எல்லாம் முதல் ரேஸுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது. சீசன் தொடங்கிவிட்டால் நடுவில் டெஸ்ட் ஓட்டவும் விதி இடம் கொடுக்காது.

போன வருஷம் நாற்பது மில்லியன் பவுண்டுக்குள் எல்லோரும் செலவை அடக்க வேண்டும் என்று ஆசை காட்டித்தான் புது டீம்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுவிட்டு அந்த விதியையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். பந்திக்குக் கூப்பிட்டு இலையை உருவின கதை.

எங்கள் கம்பெனியில் ஒரு ஹைட்ராலிக் பம்ப்கூட டெஸ்ட் பெஞ்சில் ஓடாமல் கேட்டைத் தாண்டாது. டிராக்டருக்குப் போகிற பம்ப்! பெஞ்சில் ஏற்றி, பிரஷரை மெதுவாகக் கூட்டி, சீல் ஓரத்தில் விரலால் தடவிப் பார்ப்போம். விரல் நுனியில் எண்ணெய் மினுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவோம். எஃப்1 வண்டியில் கியர் மாற்றுவது, கிளட்ச், திராட்டில், டிஃபரன்ஷியல் எல்லாமே ஹைட்ராலிக்ஸ்தான், எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. ஒரு குழாய் இணைப்பில் கசிந்தால் போதும், மொத்த வண்டியும் கட்டை. அதை மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் முதல் தடவையாகச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள், உள்ளே ஆளை உட்காரவைத்து.

மார்ச் 9, செவ்வாய்

மாவுக்கட்டுக்குள் அரிப்பு. பாப்பாவின் ஸ்கேல் உதவியது.

மார்ச் 12, வெள்ளி

பஹ்ரைன், முதல் ரேஸ். இன்று பயிற்சி. சென்னா கொஞ்சம் ஓட்டினார். கருணின் வண்டியை இன்னும் டீமின் கொட்டகையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அவர் ஓட்டவே இல்லை. இங்கே ஐபிஎல் தொடங்கிவிட்டது. ஹாலில் ரிமோட் என் கையில் இல்லை.

மார்ச் 13, சனி

காலைப் பயிற்சியிலும் இல்லை. நாலரை மணிக்குத் தகுதிச்சுற்று, ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்கிற ஓட்டம். அதுதான் அவர் அந்த வண்டியில் ஓட்டிய முதல் சுற்று. திரும்ப எழுதிக்கொள்கிறேன்: ஃபார்முலா ஒன் தகுதிச்சுற்றுதான் அவருக்கு வண்டி ஓட்டிப் பார்த்த நேரமும்.

ஒரு சுற்றுக்கு 2:04.904. இருபத்து நான்கு பேரில் இருபத்து நான்கு. தகுதிச்சுற்றின் முதல் பகுதியில் வேகமாக ஓட்டிய அலோன்சோ 1:54.612. சென்னா 2:03.240.

பத்து விநாடி. அந்தச் சுற்று ஆறு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர். கணக்குப் போட்டால், முன்னால் போகிறவன் கோட்டைத் தாண்டும்போது இவர் அரைக் கிலோமீட்டருக்கும் பின்னால் வந்துகொண்டிருப்பார்.

ஆனால் சென்னாவுக்கும் இவருக்கும் இடையில் ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவர் நேற்றிலிருந்து ஓட்டுகிறார். இவர் அப்போதுதான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். இதை யாரும் பேச மாட்டார்கள்.

மார்ச் 14, ஞாயிறு

ஒரே ஒரு சுற்று. இரண்டாவதில் ஒரு மேட்டில் அடி தட்டி, வண்டி கைமீறிச் சுவரில்.

சென்னா பதினெட்டாவது சுற்றில் இன்ஜின் சூடாகி நின்றார். லோட்டஸும் புது டீம்தான். கோவலைனன் கடைசிவரை ஓட்டிப் பதினைந்தாவதாக வந்துவிட்டார்.

மார்ச் 15, திங்கள்

மச்சான் காலையிலேயே போன். "என்ன மாமா, உங்க ஆளு வீட்டுக்கு வந்துட்டாரா?"

எப்படிச் சொல்வது? இந்த வருஷத்திலிருந்து ரேஸ் நடுவில் பெட்ரோல் போடக் கூடாது. முழு ரேஸுக்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. அத்தனை கனத்தோடு வண்டி எவ்வளவு தாழும், எந்த மேட்டில் தரை தட்டும் என்று ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கருண் அதுவரை ஓட்டியதெல்லாம் சனிக்கிழமை போட்ட கொஞ்ச சுற்றுதான், அதுவும் லேசான டேங்கோடு. மற்றவர்கள் பிப்ரவரியில் படித்த பாடத்தை இவர் ரேஸில் படித்தார்.

மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவுக்கு நேற்று பாயின்ட். லியுட்சி ஒன்பதாவது. டீம் இந்தியா, டிரைவர் இத்தாலி. இந்திய டிரைவரோ ஸ்பெயின் டீமில் சுவரில் மோதுகிறார். அடுத்த வருஷம் நொய்டாவில் ரேஸ் நடத்தப் போகிறார்களாம். யாருக்குக் கைதட்டுவார்கள்?

மச்சானிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "ம்" என்றேன்.

மார்ச் 22, திங்கள்

ஆபீஸிலிருந்து போன் இல்லை. பெஞ்சில் இப்போது யார் நிற்கிறார்கள் என்றும் தெரியவில்லை.

மார்ச் 28, ஞாயிறு

முடித்துவிட்டார். மெல்போர்ன். பதினான்காவது.

ஐந்து சுற்று பின்னால்தான். இருக்கட்டும். 58 சுற்று ரேஸில் 53 சுற்று ஓட்டி, கொடி பார்த்துவிட்டு வந்தார். இந்த டீமில் ரேஸை முடித்த முதல் ஆள். சென்னாவுக்கு ஆரம்பத்திலேயே ஹைட்ராலிக்ஸ் போயிற்று. ஹைட்ராலிக்ஸ்! நான் இங்கே படுத்துக்கொண்டு வெறும் வாயால் கத்தியதுதான் மிச்சம்.

நேற்றைய தகுதிச்சுற்றில் முதல் ஆளுக்கும் இவருக்கும் ஆறரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். சென்னாவுக்கும் இவருக்கும் விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்த்தீர்களா? உட்கார நேரம் கொடுத்தால் போதும்.

பாப்பா கேட்டாள்: "அப்பா, கடைசியா வந்தவங்களுக்குக் கப்பு கெடையாதா?" கிடையாதுடா.

ஏப்ரல் 3, சனி

வீடே அதிர்கிறது. முரளி விஜய் 127. என்னையும் நாற்காலியோடு ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நன்றாகத்தான் அடித்தான்.

ஏப்ரல் 4, ஞாயிறு

மலேசியா, செபாங். இரண்டு வண்டியும் முடித்தன! கருண் 15, சென்னா 16.

ஏப்ரல் 6, செவ்வாய்

எக்ஸ்ரே. எலும்பு சேர்ந்த மாதிரியும் இருக்கிறது, சேராத மாதிரியும் இருக்கிறது. டாக்டர் பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கால் ஊனாதீங்க" என்றார். எத்தனை நாள் என்றால் பதில் இல்லை.

ஏப்ரல் 20, செவ்வாய்

ஞாயிறு ஷாங்காய். சென்னா 16, கருண் 17. மறுபடி இரண்டும் முடித்தன. ரேஸ் முடிந்தும் யாரும் ஊருக்குத் திரும்ப முடியவில்லை, ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவுக்கு விமானம் இல்லை. சகுனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைய செய்தி: ஹிஸ்பானியாவுக்குச் சகோன் யமாமோட்டோ ரிசர்வ் டிரைவர்.

எதற்கு இப்போது ஒரு ரிசர்வ்? இருக்கிற இரண்டு பேருக்கே ஒரு புது விங் வாங்கித் தர முடியவில்லை. முன் விங்கைத்தான், காற்றால் வண்டியைத் தரையோடு அழுத்துகிற அந்த இறக்கையைத்தான், நான் ஒவ்வொரு ரேஸிலும் பார்க்கிறேன். மற்ற டீம்களில் ரேஸுக்கு ரேஸ் ஓரத் தகடு, வளைவு என்று ஏதாவது மாறுகிறது. இங்கே முர்சியாவில் துணியை விலக்கிக் காட்டிய அதே விங்.

மே 10, திங்கள்

பார்சிலோனா. சொந்த ஊர் ரேஸில் இரண்டு வண்டியும் நின்றுவிட்டன. எழுத ஒன்றும் இல்லை.

மே 16, ஞாயிறு

கை இன்னும் நடுங்குகிறது.

மொனாக்கோ. இன்னும் சில சுற்றுகள்தான் பாக்கி. ராஸ்காஸ் வளைவில் லோட்டஸ் டிரைவர் ட்ருல்லி உள்பக்கம் மூக்கை நுழைத்தார். இடமே இல்லை. லோட்டஸ் அப்படியே எகிறிக் கருண் வண்டியின் மேல் ஏறியது. திரும்பப் போட்டுக் காட்டினார்கள். பின்சக்கரம் ஹெல்மெட்டை ஒட்டிக்கொண்டு போகிறது. தலையைக் குனிந்துகொள்கிறார் கருண். அவ்வளவு மெதுவான வளைவு. அங்கேயே அந்தக் கதி.

எழுந்து வெளியே வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

பாதி எழுந்து நின்றிருந்தேன் போல. மனைவி, "கால்! கால்!" என்று கத்தின பிறகுதான் உட்கார்ந்தேன்.

இதற்கும் பதினான்காவது இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மே 27, வியாழன்

டல்லாராவும் ஹிஸ்பானியாவும் பிரிந்துவிட்டார்கள். இனி கட்டியவன் பக்கத்தில் இல்லை. வண்டி சரியில்லை என்று இவர்கள் சொல்வார்கள், காசு வரவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. டல்லாரா சின்ன ஆள் இல்லை. ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழேயுள்ள ஜிபி2வில் கருணும் சென்னாவும் ஓட்டியது டல்லாரா கட்டிய வண்டிதான். பணம் நேரத்துக்குப் போயிருந்தால் பிப்ரவரியில் ஓடியிருக்கும். ஓடியிருந்தால் எது கசிகிறது என்று தெரிந்திருக்கும். மார்ச்சிலேயே திருத்தியிருப்பார்கள். இப்போது யாரிடம் போய்த் திருத்துவார்கள்?

வர்ஜின் என்கிற இன்னொரு புது டீமின் கதையும் ஒன்று உண்டு. ரேஸை முடிக்கப் போதாத அளவு பெட்ரோல் டேங்கோடு வண்டி கட்டினார்கள். சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் டேங்கைப் பெரிதாக்க வழி செய்தார்கள். தப்பு செய்தாலும் திருத்துவதற்கு ஆள் இருக்க வேண்டும்.

ஜூன் 14, திங்கள்

வேலைக்குப் போனேன். ஊன்றுகோலோடு. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். நேற்று மான்ட்ரியலில் கருண் 18.

ஜூலை 12, திங்கள்

சில்வர்ஸ்டோனில் சென்னாவை உட்காரவைத்துவிட்டு யமாமோட்டோவை ஓட்டவிட்டார்கள். கருண் 19, யமாமோட்டோ 20. நடுராத்திரி ஸ்பெயின் கால்பந்து உலகக் கோப்பையை வாங்கிவிட்டது. அந்த நாட்டுக்காரர்களுக்கு நேற்று கடைசியாக வந்த இரண்டு வண்டியும் ஞாபகத்தில் இருக்காது.

சென்னாவுக்கே இந்த நிலைமை என்றால்.

மச்சான் போன் செய்தான். கிண்டல் இல்லை. "மாமா, அவருக்கு அடுத்த ரேஸ் இருக்குல்ல?" என்று கேட்டான்.

ஜூலை 23, வெள்ளி

ஜெர்மனி, ஹாக்கன்ஹைம். கருணின் 20ஆம் எண் வண்டி ஓடுகிறது. உள்ளே யமாமோட்டோ. சென்னா திரும்பி வந்துவிட்டார். காரணம் பணம்தான் என்று பேச்சு. டீம் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள்.

முன் விங் அதேதான்.

பிசியோதெரபிஸ்டிடம் ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு வரச் சொல்லிவிட்டேன். "அந்த நேரம் மட்டும் வேணாம்னு நீங்கதானே சார் சொல்வீங்க?" என்றார். பரவாயில்லை, வாங்க என்றேன்.