பிரேக் பிடித்தால் உதறும் கார்: டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்தவை

நீலாம்பூரிலிருந்து அவிநாசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் 80, 90 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மெல்ல மிதித்தால் என் காரின் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. காலை எடுத்தால் உடனே அடங்கிவிடும். வேகம் 50க்குக் கீழே இறங்கிய பிறகு ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. பெடலில் மட்டும் ஒரு மெல்லிய துடிப்பு காலுக்குத் தட்டுப்படும். முன்பக்கம் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பேடுகள் அழுத்திப் பிடிக்கும்), பின்பக்கம் டிரம் பிரேக் கொண்ட சிறிய ஹேட்ச்பேக் அது. தூத்துக்குடியில் சில ஆண்டுகள் ஓடியதை வாங்கிக் கோவைக்குக் கொண்டுவந்திருந்தேன். நான்கு டயர்களையும் மாற்றிச் சில மாதங்கள் கழித்தே இந்த உதறல் வந்தது என்பதை இங்கேயே குறித்து வைக்கிறேன். காரணத்தைத் தேடிப் போனபோது அங்கேதான் போய் நின்றது.

டயர் மாற்றியதற்குப் பின் வந்ததால் வீல் பேலன்சிங்கைத்தான், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலையைத்தான், எல்லோரும் முதலில் சந்தேகித்தார்கள். ஆனால் பேலன்ஸ் தவறியிருந்தால் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்க வேண்டும். என் வண்டியோ 100 வரை போனாலும் பிரேக் பிடிக்காதவரை சீராகவே ஓடியது. அடுத்துப் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "டிஸ்க் பெண்டாயிருக்குதுங்க, ரெண்டையும் மாத்திருங்க, பேடும் புதுசு போட்டுருங்க" என்றார்கள். சக்கரத்தைக் கழற்றாமலேயே சொன்ன தீர்ப்பு அது. தவறு என்று அதைத் தள்ளவும் முடியாது. இத்தகைய உதறலில் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்தான். அந்த டிஸ்க் ஏன் கெட்டது என்பதற்கு மட்டும் அங்கே பதில் இல்லை. பதில் தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நிலைக்கு வரக்கூடும் என்று தோன்றியதால், நானே ஒவ்வொன்றாகப் பார்க்க முடிவு செய்தேன்.

முதல் வேலை, உதறல் முன்பக்கமா பின்பக்கமா என்று பிரிப்பது. ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரங்களையும், இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களையும் முதலில் சந்தேகிப்பது வழக்கம். இதை உறுதி செய்துகொள்ள, விடியற்காலையில் முன்னும் பின்னும் வண்டியே இல்லாத நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி லிவரை மிக மெதுவாக உயர்த்தினேன். பொத்தானை விட்டுவிட்டு இழுத்தாலோ, வெடுக்கென்று இழுத்தாலோ பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும்; ஈரச்சாலையில் இதைச் செய்யவே கூடாது. பின்பக்க டிரம் மட்டும் பிடித்தபோது வண்டி எந்த அதிர்வும் இல்லாமல் வேகம் குறைந்தது. ஆகவே கோளாறு முன்பக்கத்தில்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போதும் பெடல் துடிக்கும் என்றாலும், அது அழுத்தி மிதிக்கும்போதோ சக்கரம் வழுக்கும்போதோதான் வரும். மெல்ல மிதிக்கும்போதே வருகிற துடிப்புக்கு அது விளக்கமாகாது.

உதறலின் தாளத்தையும் கவனித்தேன். வேகம் குறையக் குறைய அதுவும் நிதானமாகிக்கொண்டே வந்தது. இந்த அளவுக் காரின் டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும் என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்குப் பன்னிரண்டு முறைக்கும் சற்றுக் கூடுதலாகச் சுழல்கிறது. முன்பக்கச் சஸ்பென்ஷன் தானாகவே ஆட விரும்பும் வேகமும் இதையொட்டியே அமைந்திருப்பதால்தான், இந்தக் கோளாறு நெடுஞ்சாலை வேகத்தில் பெரிதாகத் தெரிந்து ஊருக்குள் மறைந்துவிடுகிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, இரண்டாவது கியரில் மெதுவாக வருவதால், பெடல் துடிப்பைத் தவிர வேறெதையும் நான் உணரவில்லை.

அளப்பதற்கு முன் தளர்வுகளைப் பார்க்க வேண்டும். ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் தம் நிலையைச் சொல்லிவிடும். சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் உள்ள ரப்பரான லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால், சாதாரணமாக உணரவே முடியாத சிறு அதிர்வைக்கூட அது பெரிதாக்கிக் கையில் கொண்டுவந்து சேர்க்கும். என் வண்டியில் இவை எல்லாம் நன்றாகவே இருந்தன. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ஊசிகளில் ஒன்றில் மட்டும் கிரீஸ் காய்ந்திருந்தது. துடைத்து, அதற்குரிய சிலிகோன் கிரீஸைப் பூசினேன்.

பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜையும் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரையும் வாங்கி வந்தேன். லேத்துக்கும் அளவுக் கருவிக்கும் பஞ்சமில்லாத ஊரில் இருப்பதன் பயன் இது. சக்கரத்தைக் கழற்றிய பிறகு டிஸ்க், அதைத் தாங்கிச் சுழலும் ஹப்பின் மேல் தளர்வாக நிற்கும் என்பதால், வீல் நட்டுகளைத் தடித்த வாஷர்களுடன் மீண்டும் போட்டுச் சீராக இறுக்கினேன். கேஜின் காந்த அடியைச் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் ஒட்டவைத்து, முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தொடும்படி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். வலப்பக்க டிஸ்க் ஒரு சுற்றில் 0.04 மி.மீ. மட்டுமே ஆடியது. இடப்பக்கம் 0.13 மி.மீ. ஆடியது. பல கார்களுக்கு இந்த ஆட்டத்தின் வரம்பு 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்கும்.

பிறகு தடிமன். இதற்கு வெர்னியர் காலிப்பர் போதாது. தேயாமல் நிற்கும் விளிம்பு மேட்டின்மேல் அதன் தாடை உட்கார்ந்துகொள்ளும். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளந்ததில், இடப்பக்க டிஸ்க் ஓர் இடத்தில் 19.34 மி.மீ.யும் ஏறத்தாழ எதிர்ப்புறத்தில் 19.31 மி.மீ.யுமாக இருந்தது. தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லாத இந்த 0.03 மி.மீ. வேறுபாடுதான் ஸ்டீயரிங்கை உதற வைத்தது. வலப்பக்கத்தில் வேறுபாடு 0.01ஐத் தாண்டவில்லை.

இந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள தொடர்புதான் முழுக் கதையும். டிஸ்க் சற்றுக் கோணலாகச் சுழல்வதால் மட்டும் பெரிய உதறல் வந்துவிடாது, ஏனெனில் காலிப்பர் தன் ஊசிகளின் மேல் வழுக்கி அதனோடு சேர்ந்து நகர்ந்துகொள்ளும். ஆனால் அந்தக் கோணல் டிஸ்க், பிரேக் பிடிக்காமல் ஓடும் நேரமெல்லாம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. அதன்பிறகு பிரேக்கை மிதித்தால் தடித்த பகுதி வரும்போது பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, மெலிந்த பகுதியில் முன்னுக்கு வருகிறது. பிரேக் ஆயிலின் அழுத்தமும் பிடிமானமும் சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்குகின்றன. டயர் மாற்றிய அன்றே உதறாமல் சில மாதங்கள் கழித்து உதறியதற்குக் காரணம் இதுவே. டிஸ்க் வெப்பத்தில் வளைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உண்மையிலேயே வளைந்த டிஸ்க் அரிது. ஒன்று, இப்படி மெலிந்திருக்கும். அல்லது பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும்.

அப்படியானால் டிஸ்க்கைக் கோணலாக்கியது எது? டிஸ்க்கைக் கழற்றியபோது, ஹப்பின் முகத்தில், நட்டுகள் ஏறும் வீல் ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு செதில் செதிலாக ஏறியிருந்தது. தூத்துக்குடி உப்புக்காற்றின் வேலை. ஹப்பின் விளிம்பில் 0.05 மி.மீ. செதில் ஒன்று சிக்கினாலே, அதைப்போல் இருமடங்கு விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அது 0.10 மி.மீ. ஆகிவிடும். அதோடு, டயர் மாற்றிய இடத்தில் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை ஒவ்வொன்றாக முழு வேகத்தில் முடுக்கியிருந்தார்கள். கழற்றும்போது இடப்பக்கத்தில் ஒரு நட்டுக்கு நீளக் குழாயை மாட்டி ஏறி மிதிக்க வேண்டியிருந்தது. அதற்கு நேரெதிரே இருந்த நட்டு கைப்பாரிலேயே சுலபமாக வந்துவிட்டது. இப்படி ஏற்றத்தாழ்வாக இறுகிய நட்டுகளும் டிஸ்க்கைக் கோணலாக்கும்.

கம்பித் தூரிகையாலும் உப்புத் தாளாலும் ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். மீண்டும் பொருத்தி அளந்ததில் 0.13 என்பது 0.07 ஆகக் குறைந்தது. டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டியதும் 0.04க்கு வந்தது, ஹப்பின் மிச்சக் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஒன்றையொன்று ஓரளவு சரிசெய்துகொள்ளும் நிலையைத் தேடுவதே இதன் நோக்கம். எந்தத் துளை எந்த ஸ்டட்டுக்கு என்று பெயின்ட்டால் குறித்துக்கொண்டேன்.

ஏற்கெனவே உண்டான தடிமன் வேறுபாடு துடைத்துப் போகாது. டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் 18 மி.மீ. என்று பொறிக்கப்பட்டிருந்ததால், கணபதியில் பிரேக் டிஸ்க் வேலை பழகிய ஒரு லேத் பட்டறையில் இரண்டு டிஸ்க்குகளையும் கொடுத்து இரு முகங்களிலும் மெல்லச் சீவி வாங்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் சீவினால் இரு சக்கரங்களின் பிடிமானமும் வேறுபட்டு வண்டி ஒருபக்கம் இழுக்கக்கூடும். சீவியபின் தடிமன் 18.9 மி.மீ.க்குக் குறையவில்லை. புதிய பேடுகள் உட்பட ஆன செலவு, இரண்டு புதிய டிஸ்க்குகளுக்குச் சொல்லப்பட்ட விலையில் பாதியைக்கூடத் தொடவில்லை. 18.3 போல வந்திருந்தால் நானும் புதியதைத்தான் வாங்கியிருப்பேன்.

புதுப் பேடுகளைப் பழக்குவதற்கு, 60 கி.மீ.யிலிருந்து 20 வரை மிதமாகப் பிடித்து விடுவதை, முழுவதும் நிறுத்தாமல், இடையில் சற்று ஓடவிட்டுப் பலமுறை செய்தேன். சூடான டிஸ்க்கை அழுத்திப் பிடித்தபடி நின்றுவிட்டால் பேடின் தடம் அந்த இடத்தில் பதிந்து, மறுபடி உதறலுக்கு வழி செய்யும். மலையிறங்கியவுடன் செக்போஸ்ட்டில் நிற்கும்போது பிரேக்கை விட்டு, வண்டியை ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துவது இதனால்தான்.

உதறல் முற்றிலும் நின்றுவிட்டது. அடுத்த முறை டயர்களை இடம் மாற்றும்போது, துப்பாக்கியை ஓரளவோடு நிறுத்தும்படி கடைப் பையனிடம் கேட்டுக்கொண்டு, கடைசி இறுக்கலை நானே, குறித்த இறுக்கம் வந்ததும் டக்கென்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சால், எதிரெதிர் நட்டாக, கையேட்டில் கண்ட 85 நியூட்டன் மீட்டருக்குச் செய்தேன். "நாங்க தினமும் அம்பது வண்டிக்கு இப்பிடித்தாங்ண்ணா போடறோம்" என்று அவர் சிரித்தார். அவர் ஓரளவோடு விட்ட நட்டுகளிலேயே இரண்டு, ரெஞ்சை வைத்ததும் அசையாமல் டக்கென்றன.