15 காலி மனைகள்

வீடு கட்டிக் குடும்பங்களைக் குடியேற்றும் தி சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டில், நியூகிரெஸ்ட் என்ற ஊரைத் திறந்தேன். 15 மனைகள், எல்லாமே காலி.

வீடு கட்டத் தோன்றவில்லை. எந்த மனை யாருக்கு என்று தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மனை 64-க்கு 64 கட்டம் என்றால் ஆசை வரும்தான். ஆனால் வீட்டை நடுவில் வைத்துவிட்டால், வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அங்கே வாழும் சிம்முக்கு, அதாவது விளையாட்டின் கதாபாத்திரத்துக்கு, பாதிப் பொழுது போய்விடும்.

20-க்கு 15 அப்படியில்லை. படிக்கட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே பெரும்பாடு. நெருக்கடியில்தான் நல்ல வீடு பிறக்கிறது என்பது என் கட்சி.

மனை அளவை இதில் மாற்ற முடியாது. 2004-இல் வந்த சிம்ஸ் 2-இல் சாலையோரம் மனையை நாமே வைக்கலாம். அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

சரி, பெரிய மனை பூங்காவுக்கு. குடும்பங்கள் எல்லாம் சின்ன மனைகளில், பக்கம் பக்கமாக.

அடுத்த வீட்டுக்குள் போக லோடிங் திரை வரத்தான் செய்யும். அதனாலென்ன, ஜன்னலில் பார்த்தால் எதிரே ஒரு வீடாவது தெரிய வேண்டாமா!