விடுதலை நாளுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

சிறைகளின் எதிர்காலம் என்றதும் மதிலின் உயரத்தையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பற்றியே பேசுகிறோம். உள்ளே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வந்து நம் பக்கத்து வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

நார்வேயில் 2010-இல் திறக்கப்பட்ட ஹால்டன் சிறையில் அறைச் சன்னல்களுக்குக் கம்பிகள் இல்லை. கைதிகள் பொதுச் சமையலறையில் தாங்களே சமைக்கிறார்கள். காவலர்களும் அவர்களோடு அமர்ந்து உண்கிறார்கள். தண்டனை என்பது நடமாடும் சுதந்திரத்தை இழப்பது மட்டுமே, மற்ற உரிமைகள் அப்படியே இருக்கும் என்பது அந்நாட்டின் கொள்கை. இதைச் சொகுசு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தாண்டுகளாக ஒரு கதவைக்கூடத் தன் கையால் திறக்காத மனிதர், விடுதலையான மறுநாளே வாடகை வீடு தேடி, வேலை கேட்டு, தன் செலவைத் தானே கணக்கிட்டு வாழ்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் ஒருவரைத் தனிமைச் சிறையில் வைப்பதைத் தடை செய்கின்றன. ஆனால் அவை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. ஒவ்வொரு நாடும் அவற்றைத் தன் சிறைச் சட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகக் இருக்கும் இடத்தைக் கண்காணிக்கும் மின்னணுப் பட்டையைக் கணுக்காலில் அணிவிப்பதை நான் வரவேற்கிறேன். கைதிகள் குடும்பத்தோடு பேசக் காணொளி அழைப்பும் நல்லதுதான். ஆனால் அதைக் காரணம் காட்டி நேரில் பார்க்கும் உரிமையைக் குறைத்துவிடக் கூடாது. தந்தையின் மடியில் உட்கார வந்த குழந்தைக்குத் திரை போதாது.