விரிதாளில் ஒரு மான் கூட்டம்: ஏற்றம் எளிது, சரிவுதான் சிக்கல்

ஒரு விலங்குக் கூட்டத்தின் எண்ணிக்கை எப்படிப் பெருகுகிறது, எப்படிச் சரிகிறது என்பதை விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) போட்டுப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கற்பனை எண்களில் சுவை இல்லை என்பதால் செயின்ட் மேத்யூ தீவை எடுத்துக்கொண்டேன். பெரிங் கடலில் உள்ள அந்த ஆளில்லாத் தீவில் 1944இல் 29 துருவ மான்களை இறக்கிவிட்டார்கள். மான்களை வேட்டையாடும் விலங்கு எதுவும் அங்கில்லை. 1957இல் 1,350 மான்கள், 1963இல் சுமார் 6,000, 1966இல் 42.

விரிதாளின் முதல் பத்தியில் (column) மால்தஸ் பாணிப் பெருக்கம், அதாவது தடையே இல்லாமல் ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் பெருகுவது. 29லிருந்து 13 ஆண்டுகளில் 1,350 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 34% வளர்ச்சி. அதே வேகத்தில் இழுத்தால் 1963இல் 7,900 வருகிறது, உண்மையில் 6,000. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 19 ஆண்டுகளை இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிகிறதே என்று வியப்பாகத்தான் இருந்தது.

அடுத்து, பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838இல் தந்த சமன்பாடு. தீவின் தாங்குதிறன், அதாவது அங்கே அதிகபட்சம் எத்தனை மான்கள் வாழ முடியும் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால், அதை நெருங்க நெருங்க வளர்ச்சி தளரும். கோடு அழகாக வளைந்து, மேலே போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு சரி, இறங்கவே இல்லை. ஆண்டுக்கொருமுறை கணக்கிடும் வடிவத்தில் வளர்ச்சி விகிதம் 100%ஐத் தாண்டினால்தான் கோடு தாங்குதிறனை மீறிக் குதிக்கும். 200%ஐத் தாண்டினால் ஊசலாட்டம் அடங்கவே அடங்காது. 257% அளவில் ஒழுங்கே குலைந்துவிடும். 1976இல் கணிதச் சூழலியலாளர் ராபர்ட் மே இந்தக் குழப்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. விகிதத்தை ஏற்றி ஏற்றி அதை வேடிக்கை பார்ப்பதிலேயே ஒரு மாலைப் பொழுது போனது. ஆனால் 34% மானுக்கு அந்த வழி இல்லை. தாங்குதிறனை எந்த எண்ணாக மாற்றினாலும் சரிவு வராது.

ஆகவே உணவுக்குத் தனிப் பத்தி. குளிர்காலத்தில் இந்த மான்கள் தின்பது பெரும்பாலும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் ஒன்றாக இணைந்து வாழும் உயிர். அது மிக மெதுவாக வளர்வது. மேய்ந்து தீர்த்தால் மீண்டுவரப் பல்லாண்டுகள் ஆகும். அதனால் அதன் மறுவளர்ச்சியைப் புறக்கணித்து, வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து எடுத்துச் செலவழிப்பதுபோல் கழித்துக்கொண்டே வந்தேன். இந்தப் பயிற்சியிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். மான்கள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. அப்படியானால் 19 ஆண்டுகளில் தின்ற மொத்த உணவில் பாதியைக் கடைசி இரண்டரை ஆண்டுகளில்தான் தின்றிருக்கின்றன! 1961 தொடக்கத்தில் தீவைப் பார்த்தவருக்குப் பாதி லைக்கன் மிச்சமிருந்ததாகவே தோன்றியிருக்கும். என் வரைபடத்தில் சரிவு இப்போது செங்குத்தாக வந்தது. உண்மையில் 1963–64இன் கடுங்குளிரும் சேர்ந்துகொண்டது; அதை நான் சேர்க்கவில்லை.

உணவு மீண்டுவிட்டது என்று தாராளமாக வைத்துக்கொண்டால் என் விரிதாள் 42 மான்களை 10 ஆண்டுகளில் 800 ஆக்கிவிடுகிறது. தீவில் அது நடக்கவில்லை. மிஞ்சிய 42இல் 41 பெண் மான்கள். இருந்த ஒரே ஆணும் இனப்பெருக்கத்துக்குத் தகுதியற்றதாகத் தோன்றியது. குட்டிகளே இல்லை. 1980களில் கூட்டம் அடியோடு அற்றுப்போனது.

இப்போது ஆண், பெண் பத்திகளைப் பிரித்து, இறப்பைச் சமவாய்ப்பு எண்களிடம் (random numbers) விட்டிருக்கிறேன். 1944இல் இறக்கியவை 24 பெண், 5 ஆண். ஓர் ஆண் மான் ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு 20% என்று வைத்தால், ஐந்தும் ஒரே ஆண்டில் சாகும் வாய்ப்பு 0.032% மட்டுமே. ஒன்றே ஒன்று என்றால் அதே 20%. விரிதாளை மறுபடி கணக்கிடவைக்கும் எஃப்9 பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வேறொரு தீவு வருகிறது. அடுத்து வயதுவாரிப் பத்திகளைச் சேர்க்க வேண்டும்; அதற்கு, பிறப்பையும் இறப்பையும் வயதுவாரியாகக் கணக்கிடும் லெஸ்லி அணியைப் (matrix) படித்துக்கொண்டிருக்கிறேன்.