எனக்குப் பெரிதாகிப்போன லென்ஸ்

வலது கண்ணில் மைனஸ் 14, இடது கண்ணில் மைனஸ் 13. கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) மெலிந்திருந்ததால் லேசர் சிகிச்சை ஆகாது என்றார்கள். அதனால் ஐசிஎல் வைத்துக்கொண்டேன். இயற்கை லென்ஸை எடுக்காமல், அதற்கும் ஐரிசுக்கும் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரை) இடையில் இன்னொரு லென்ஸை மடித்துச் செருகும் முறை இது. முதலில் வலது கண்.

அன்றிரவே புருவத்துக்கு மேல் தெறிக்கும் வலி, இரண்டு முறை வாந்தி. "ஆபரேஷன் செய்த கண், வலிக்காமல் இருக்குமா?" என்றார் அம்மா. நானும் நம்பிப் படுத்துவிட்டேன். நம்பியிருக்கக் கூடாது. விடியும்போது பார்வை பனிமூட்டமாகியிருந்தது. கண் அழுத்தம் 43. இயல்பு 10 முதல் 21 வரை. அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் கொழகொழப்பான மருந்தில் கொஞ்சம் உள்ளேயே தங்கி, நீர் வடியும் வழியை அடைத்திருந்தது. டாக்டர் வெட்டுவாயின் ஓரத்தை மெல்ல அழுத்தித் திரவத்தை வெளியேற்றினார். சில நிமிடங்களில் வலி இறங்கியது. அழுத்தத்தைக் குறைக்கக் கொடுத்த அசெட்டசோலமைடு மாத்திரையால் இரண்டு நாள் விரல் நுனிகள் மதமதத்தன.

மூன்றாவது வாரத்திலும் அழுத்தம் 27. அழுத்தத்தைக் கூட்டக்கூடிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நிறுத்தியும் குறையவில்லை. ஸ்கேன் எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது: இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே இடைவெளி 1,180 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). 250 முதல் 750 வரை இருந்தால் நல்லது. மிகவும் குறைந்தால் இயற்கை லென்ஸில் கண்புரை வரலாம்; மிகவும் கூடினால் ஐரிஸ் முன்னே தள்ளப்பட்டு கண்ணின் நீர் வடியும் மூலை குறுகும். இந்த லென்ஸ் 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. என நான்கே அளவுகளில் வருகிறது. எனக்கு வைத்தது 13.2. கார்னியாவின் அகலத்தை வெளியிலிருந்து அளந்து முடிவு செய்திருந்தார்கள். லென்ஸ் ஊன்றும் பள்ளமோ ஐரிசுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் சோதனை உண்டு, எனக்குச் செய்யவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வேறொரு மருத்துவமனையில் அந்த லென்ஸை எடுத்துவிட்டு 12.6 வைத்தார்கள். இரண்டாம் முறை அந்த மேசையில் படுத்தபோது கைகள் நடுங்கின. இப்போது இடைவெளி 540, அழுத்தம் 15. ஆனால் கார்னியாவின் உட்பக்கச் செல்கள் சதுர மி.மீ.க்கு 2,720 இருந்தவை 2,480 ஆகிவிட்டன. அவை மறுபடி வளராது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தெரிகின்றன. லென்ஸின் நடுவிலுள்ள 0.36 மி.மீ. துளையும் ஒரு காரணம் என்றார் டாக்டர்.

அறுவைக்கு மறுநாளே "இடைவெளி எத்தனை மைக்ரான்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் இடது கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் முடிந்துவிட்டது. விழித்திரைப் பரிசோதனையும் முடிந்தபின்தான் தேதி வாங்குவேன்.